பி.எஸ்.ஏ. பரிசோதனை: யாருக்கு, எப்போது, எண்ணை எப்படிப் பார்ப்பது

ஒண்ணுக்கு நன்றாகப் போகிறது, அதனால் புராஸ்டேட்டில் கோளாறு இருக்காது என்று இருப்பவர்கள்தான் அதிகம். அது தப்புக் கணக்கு. இந்தச் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. வயதானால் வரும் சாதாரண வீக்கம் குழாயை ஒட்டிய உட்பகுதியில் வரும். அதனால்தான் இரவில் நாலு தடவை எழுந்திருப்பதும் சொட்டுச் சொட்டாகப் போவதும். புற்றுநோயோ பெரும்பாலும் மலக்குடல் பக்கமுள்ள ஓரப்பகுதியில் தொடங்கும். ஆரம்பத்தில் குழாயை நெருக்காது, தொந்தரவும் தெரியாது. மறுபக்கம், அடிக்கடி ஒண்ணுக்கு வருகிறது என்றாலே புற்றுநோய் என்று பயப்படவும் வேண்டாம். சர்க்கரையும் கல்லும் அதே வேலையைச் செய்யும். அவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரந்து ரத்தத்திலும் கொஞ்சம் கலக்கும் ஒரு புரதம். அதன் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனைதான் இது. 50 முதல் 69 வயது வரை மருத்துவரிடம் பேசி முடிவெடுக்க வேண்டியது. அப்பாவுக்கோ உடன்பிறந்த அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு. 45-லேயே பேசத் தொடங்குங்கள். குடும்பத்துப் பெண்களுக்கு இளவயதில் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சில மரபணுக் கோளாறுகள் இரண்டுக்கும் பொது. 70 தாண்டியவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. உயிருக்கு ஒன்றும் செய்யாமல் மெதுவாக வளரும் கட்டியைக் கண்டுபிடித்து, அதற்கு வைத்தியம் பார்த்து, சிறுநீர் கசிவும் ஆண்மைக் குறைவும் மிஞ்சுவது எந்த வயதிலும் நடக்கக்கூடியது. வயது ஏற ஏற லாபம் குறைந்து இந்த நஷ்டம்தான் கூடும்.

ரத்தம் கொடுக்கும் முன்

வெறும் வயிறு தேவையில்லை. நாள்தான் முக்கியம். நீர்க்கடுப்போடு காய்ச்சல், சிறுநீரில் கிருமித் தொற்று, சிறுநீர் போக டியூப் போட்டது, பயாப்ஸி (ஊசியால் சுரப்பியிலிருந்து சதைத் துண்டு) எடுத்தது என ஏதாவது இருந்தால் 6 முதல் 8 வாரம் தள்ளிப் போடுங்கள். தொற்று இருக்கும்போது எடுத்தால் எண் தாறுமாறாக ஏறிக் காட்டும். முந்தின இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம். சைக்கிளிலோ பைக்கிலோ நெடுந்தூரம் போவதையும் தவிர்த்துவிடுங்கள்.

மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள். வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு இரண்டும் ஆறு மாதத்தில் பி.எஸ்.ஏ.-வைப் பாதியாக்கிவிடும். ரிப்போர்ட்டில் 3 என்றால் 6 என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் சின்ன அளவு ஃபினாஸ்டரைடும் எண்ணைக் குறைக்கும். அதை யாரும் மருந்தென்றே சொல்வதில்லை, மருத்துவரும் கேட்க மறந்துவிடுவார். நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தோதான நேரம். முதல் வாரத்திலேயே எடுத்துவிட்டால், எண் கூடியிருந்தாலும் ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்கக் கரையிலேயே இருப்பீர்கள். வெளிநாட்டிலிருந்து கீழக்கரைக்கும் தொண்டிக்கும் லீவில் வருகிறவர்கள் மறுபடி கிளம்பும் கடைசி வாரம் வரை தள்ளாமல், வந்ததும் எடுத்துவிடுவது நல்லது.

இந்த ராமநாதபுரம் கரையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ரத்தம் போகும் தூரம். சின்ன ஊர்க் கலெக்‌ஷன் சென்டரில் எடுக்கும் ரத்தம் ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போய்ச் சேர நேரமாகும். மொத்த பி.எஸ்.ஏ. ஓரளவு தாங்கும். அதில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்கான ‘ஃப்ரீ பி.எஸ்.ஏ.’ அப்படியில்லை, ஐஸ் போடாத மீன் மாதிரி சீக்கிரம் கெடும். அது குறைந்தால் மொத்தத்தில் அதன் விகிதமும் குறைந்து, இல்லாத சந்தேகத்தைக் கிளப்பும். இரண்டே கேள்வி கேளுங்கள்: மூன்று மணி நேரத்துக்குள் சுற்றிச் சீரம் பிரிப்பீர்களா? ஐஸ் பேக் வைத்து அனுப்பி 24 மணி நேரத்துக்குள் பார்ப்பார்களா? பதில் இழுத்தால், ஃப்ரீ பி.எஸ்.ஏ.-வை மட்டுமாவது பரிசோதனைக்கூடம் இருக்கும் ஊருக்கே போய்க் கொடுங்கள். அடுத்த முறையும் அதே லேபில் எடுங்கள். முறை மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும்.

எண்ணைப் பார்ப்பது

மில்லி ஒன்றுக்கு 4 நானோகிராம் என்பதுதான் பழைய எல்லை. ஆனால் 40-களில் உள்ளவருக்கு 2.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 65 வயதில் வீக்கமும் இருப்பவருக்கு 4.5 பெரிய செய்தியில்லை. 4-க்கும் 10-க்கும் நடுவே இருந்தால் நால்வரில் ஒருவருக்குத்தான் புற்று இருக்கும். 10-க்கு மேல் போனால் பாதிக்குப் பாதி. 1-க்குக் கீழே என்றால் அடுத்த பரிசோதனை 2 முதல் 4 வருடம் கழித்துப் போதும். 1 முதல் 3 வரை என்றால் ஒன்று, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை.

கூடியிருந்தால் உடனே பயாப்ஸிக்கு ஓடக் கூடாது. சிறுநீர்ப் பரிசோதனை செய்து தொற்று இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சில வாரம் விட்டு மறுபடி எடுங்கள். பலருக்கு இறங்கிவிடும். 4 முதல் 10-க்குள்ளேயே நின்றால் ஃப்ரீ பி.எஸ்.ஏ. விகிதம் உதவும்: 25 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சந்தேகம் குறைவு, 10-க்குக் கீழே என்றால் அதிகம்.

மருத்துவர் கையுறை போட்ட விரலை ஆசனவாயில் விட்டுப் பார்ப்பதற்குக் கூச்சப்பட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை மார்போடு மடக்கினால் ஒரு நிமிடத்தில் முடியும். கல்லுப்போல் ஒரு முடிச்சுத் தட்டுப்பட்டால், எண் சரியாக இருந்தாலும் மேலே பார்த்தாக வேண்டும்.

அதற்கு மேல்

அடுத்தது எம்.ஆர்.ஐ. அதில் ‘பைராட்ஸ்’ என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். 4, 5 என்றால் பயாப்ஸி. 3 என்றால் மற்றவற்றையும் சேர்த்துப் பார்த்து யூராலஜிஸ்ட் (சிறுநீரக, சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவர்) முடிவெடுப்பார். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போவதானால் பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயாப்ஸியில் வழக்கமாக 12 துண்டு எடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று இதய மருத்துவரையும் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சில நாள் சிறுநீரிலும், சில வாரம் விந்திலும் ரத்தம் வரும், அது பரவாயில்லை. குளிர்க்காய்ச்சல் வந்தாலோ, நீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதனால் ஒரு வாரம் கடலுக்குப் போகாதீர்கள். நடுக்கடலில் நடுக்கம் எடுத்தால் பாம்பனுக்கோ மண்டபத்துக்கோ திரும்பி வரும் நேரத்துக்குள் கிருமி ரத்தத்தில் ஏறிவிடலாம்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்றின் வேகத்தைக் காட்டும் ‘கிளீசன்’ மதிப்பெண் 6 என்று இருந்தால், அது மெதுவான வகை, அவசரமில்லை. அறுவை, கதிர்வீச்சு எதுவும் இல்லாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ.-வும் இடைவெளி விட்டு எம்.ஆர்.ஐ., பயாப்ஸியும் எடுத்துக் கண்காணிப்பதே பலருக்குப் போதும். அந்த வழி உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்காமல் அறுவைக்குத் தேதி வாங்காதீர்கள்.