அப்பிள் வினாகிரி: வெறும் வயிற்றில் வேண்டாம், சோற்றோடு எடுங்கள்

காலையில் வெறும் வயிற்றில் ஒரு மூடி வினாகிரியை அப்படியே விழுங்கினால் தொண்டை எரிவதுதான் மிச்சம். அது வேலை செய்வது மாச்சத்துச் சாப்பாட்டோடு சேரும்போதுதான். அதிலுள்ள அசற்றிக்கமிலம் சோறு வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்குவதைத் தாமதப்படுத்தும். சாப்பிட்டபின் இரத்தத்தில் சீனி ஏறுவது அதனால் ஓரளவு மெதுவாகும். எனவே மத்தியானச் சோறு, இரவுப் பாண், இடியப்பம், புட்டு இவற்றோடு எடுங்கள். உடம்பு மெலிய வேண்டும் என்று வாங்குபவர்கள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் வாரம் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரில், அதாவது 250 மில்லிலீற்றரில், ஒரு தேக்கரண்டி (5 மில்லி) போதும். வயிறு ஏற்றுக்கொண்டால் அடுத்த வாரம் இரண்டு தேக்கரண்டி, பிறகு ஒரு மேசைக்கரண்டி (15 மில்லி). ஒரு நாளைக்கு இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போகாதீர்கள். நெஞ்செரிவோ குமட்டலோ வந்தால் அளவைக் குறையுங்கள், தொடர்ந்தால் விட்டுவிடுங்கள். சீனி வருத்தக்காரர் தேன் கலந்து குடித்தால் எடுத்த காரியமே கெட்டுப்போகும்.

குடிப்பதைவிட நல்ல வழி, சாப்பாட்டிலேயே சேர்ப்பது. வெள்ளரிக்காய், தக்காளி, மெல்லிசாய் அரிந்த சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், அளவாய் உப்பு. மூன்று பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி விட்டுப் பிசறி, பத்து நிமிடம் வையுங்கள். வெங்காயம் இளஞ்சிவப்பாகி, காரம் அடங்கியிருக்கும். சோற்றுக்கும் மீன் ஆணத்துக்கும் பக்கத்தில் நல்லாய்ப் பொருந்தும், பல்லுக்கும் பாதுகாப்பு. அலுமினியச் சட்டியில் பிசறாதீர்கள், அமிலம் உலோகத்தைக் கரைக்கும்.

குடிப்பவர்கள் முடிந்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். அமிலம் பட்டதும் பல்லின் மேற்பூச்சான மிளிரி (எனாமல்) இளகியிருக்கும். அப்போது பிரஷ் போட்டால் அது தேயும். அரை மணித்தியாலமாவது பொறுங்கள்.

போத்தலின் அடியில் கந்தல் துணிபோல மங்கலாய் அசைவது 'தாய்'. வினாகிரியாக்கும் பக்றீரியாவும் அது சுரக்கும் நாரும்தான், பழுது இல்லை. மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோலப் பூத்தால் அது பூஞ்சணம், ஊற்றிவிடுங்கள். அப்பிள் வினாகிரி விலை கூடுதலாய்த் தெரிந்தால் தென்னங்கள்ளு வினாகிரி வாங்குங்கள். வேலை செய்யும் அமிலம் இரண்டிலும் ஒன்றே. லேபலில் 'செயற்கை வினாகிரி' என்றிருப்பது அசற்றிக்கமிலத்தில் தண்ணீர் கலந்தது, அது அச்சாறுக்குப் போகட்டும்.

இன்சுலின் போடுபவர், சீனியை வேகமாய் இறக்கும் குளிசை எடுப்பவர் கிளினிக்கில் கேட்காமல் தொடங்கவே கூடாது. சீனி மட்டுமீறி இறங்கி வியர்வை, நடுக்கம் வரலாம். சலம் போக்கும் குளிசையோ இதய வருத்தத்துக்குத் தரும் டிகொக்சினோ எடுப்பவருக்குப் பொற்றாசியம் குறையும் ஆபத்து உண்டு. சிறுநீரக வருத்தம், வயிற்றுப் புண், நாட்பட்ட சீனி வருத்தத்தால் வயிறு மந்தமானவர்களும் தவிர்க்க வேண்டும். கிளினிக்கில் தந்த மருந்தை இதற்காக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

பயன் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரே அளவு சோறு, ஒரே கறி. மூன்று நாள் வினாகிரி இல்லாமல், மூன்று நாள் சேர்த்து. சாப்பிடத் தொடங்கி ஒரு மணித்தியாலத்திலும் இரண்டு மணித்தியாலத்திலும் குளுக்கோமீற்றரில் பார்த்து எழுதிவையுங்கள். இலக்கத்தில் வித்தியாசமே இல்லையென்றால், உங்கள் உடம்புக்கு அது சரிவரவில்லை.