வகுப்பறையில் தாளைக் குறைக்க ஓர் எளிய வழி

வகுப்பறையில் அதிகத் தாளை விழுங்குபவை பாடநூல்கள் அல்ல, ஒருமுறை எழுதித் திருத்தியதும் குப்பைக்குப் போகும் பயிற்சித் தாள்களும் சிறு தேர்வுகளுமே என்பதால், மாற்றத்தை அங்கிருந்து தொடங்குவது நல்லது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை வினாக்களை, இணையப் படிவங்களை உருவாக்கும் கருவியான கூகுள் ஃபார்ம்ஸில் வினாடி வினாவாக அமைத்து, விடைகளையும் மதிப்பெண்களையும் முன்கூட்டியே குறித்துவிட்டால், மாணவர் சமர்ப்பித்தவுடன் திருத்தும் வேலையும் தானாகவே முடிந்துவிடும்.

பயிற்சித் தாள்களுக்கு, ஆசிரியர் இணையத்தில் பணிகளைக் கொடுத்துத் திரும்பப் பெற உதவும் கூகுள் கிளாஸ்ரூம் ஏற்றது. கோப்பை இணைக்கும்போது, ஒவ்வொரு மாணவருக்கும் தனி நகல் உருவாக்கும் தெரிவை மறவாமல் குறிக்க வேண்டும். இல்லையெனில் மாணவர்கள் அதைப் பார்க்க மட்டுமே முடியும், அல்லது அனைவரும் ஒரே கோப்பில் எழுதி ஒருவர் விடையை மற்றவர் அழிக்க நேரிடும். பணியை அனுப்பிய பின் இந்தத் தெரிவை மாற்ற இயலாது என்பதால், அனுப்பும் முன்பே சரிபார்ப்பது அவசியம்.

பெற்றோருக்கான சுற்றறிக்கைகளைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்பிவிடலாம். எனினும், கணக்கின் படிநிலைகள், வரைபடம், கையெழுத்துப் பயிற்சி ஆகியவற்றைத் திரைக்கு மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றுக்குத் தாளே பொருத்தம். வீட்டில் கருவியோ இணையமோ இல்லாத மாணவர்களுக்காகச் சில அச்சுப் பிரதிகளை, இருபுறமும் அச்சிட்டு, கையில் வைத்திருங்கள்.