டாப் காட்டாத கணக்கு: ப்ராசஸ்களைக் கூட்டமாகச் சேர்த்து அளப்பது எப்படி

மெஷின் திணறுகிறது, ஃபேன் அலறுகிறது, லினக்ஸில் ஓடுகிற ப்ராசஸ்களை (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராம்களை) பட்டியல் போடும் டாப் கட்டளையைத் திறந்து பார்த்தால் எந்த ப்ராசஸும் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. மேலே இருக்கும் மொத்த சிபியு வரி மட்டும் கிட்டத்தட்ட நிரம்பி வழிகிறது. அப்படியானால் தின்பது யார்? எனக்கு இது நடந்தது நானே எழுதிய ஒரு ஷெல் ஸ்கிரிப்டில். லாக் கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கிரெப், ஒரு செட், ஒரு ஆக் (எழுத்துகளைத் தேடவும் மாற்றவும் உதவும் குட்டிக் கருவிகள்) என்று கிளப்பிவிட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் சில மில்லிவிநாடி வாழ்ந்து செத்துப்போகும். டாப் இயல்பாக 3 விநாடிக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும், நடுவில் பிறந்து நடுவிலேயே செத்தவை அதன் பட்டியலில் வரவே வராது.

மெமரியில் தப்பு நேர் எதிர்ப்பக்கம் நடக்கும். பிரவுசருடைய இருபது முப்பது ப்ராசஸ்களின் ரெஸ் எண்களை (டாப்பில் ஒவ்வொரு ப்ராசஸும் ரேமில் பிடித்திருப்பதைக் காட்டும் எண்) கூட்டினால் சில சமயம் மெஷினில் இருக்கும் ரேமைவிட அதிகமாக வரும். பகிர்ந்துகொண்ட பக்கங்களை ஒவ்வொரு ப்ராசஸின் கணக்கிலும் முழுசாக எழுதுவதால்தான் இந்தக் கூத்து. பத்து ப்ராசஸ் சேர்ந்து 100 எம்பியைப் பகிர்ந்தால், ரெஸ் கூட்டலில் அது 1,000 எம்பி. பிஎஸ்எஸ் என்ற இன்னொரு எண் இருக்கிறது, அது தலைக்கு 10 எம்பி என்று பங்கு போட்டுக் கொடுக்கும். ப்ராக் அடைவில் அந்தந்த ப்ராசஸ் எண்ணுக்குள் இருக்கும் ‘ஸ்மாப்ஸ்_ரோலப்’ கோப்பைத் திறந்தால் கிடைக்கும் (அடுத்தவர் ப்ராசஸ் என்றால் ரூட் வேண்டும்). ரெஸ்ஸைக் கூட்டாதீர்கள், கூட்டுவதாக இருந்தால் பிஎஸ்எஸ்ஸைக் கூட்டுங்கள்.

சரி, ஒரு வேலையைச் சேர்ந்த ப்ராசஸ்கள் எவை என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் எல்லோரும் போவது தாய்-பிள்ளை உறவுக்கு: பிஎஸ் கட்டளையில் ‘ஃபாரஸ்ட்’ போட்டால் மரம் மாதிரி விரியும். பார்க்க அழகாக இருக்கும், நம்ப முடியாது. தாய் செத்துவிட்டால் பிள்ளை பெரும்பாலும் 1-ஆம் எண் ப்ராசஸுக்குத் தத்துப் போய்விடும், மரத்தில் தொடர்பு அறுந்துவிடும். ப்ராசஸ் குரூப் எண், செஷன் எண் என்று பார்த்தாலும் ‘செட்சிட்’ அழைத்துப் புது செஷன் தொடங்கிக் கழன்றுகொள்வது ஒரு ப்ராசஸுக்குப் பெரிய விஷயமில்லை.

லினக்ஸில் இதற்குச் சரியான ஆள் சிகுரூப்தான், ப்ராசஸ்களைக் குழுவாகக் கட்டிக் கணக்கு வைக்கும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வசதி. கூகுள் பொறியாளர்கள் 2006-ல் தொடங்கிய வேலை, 2008-ல் 2.6.24 கர்னலில் உள்ளே வந்தது, இப்போது பெரும்பாலும் ஓடுவது 2016-ல் 4.5 கர்னலோடு வந்த இரண்டாம் பதிப்பு. பிள்ளை பிறக்கும்போதே தாயின் சிகுரூப்பில் பிறக்கும், தாய் செத்தாலும் அங்கேயே இருக்கும், அனுமதி இல்லாமல் வெளியே போக முடியாது. முக்கியமாக, செத்த பிள்ளைகள் எரித்த சிபியு நேரமும் குழுவின் கணக்கில் அப்படியே நிற்கும். என் ஸ்கிரிப்டுக்கு வேண்டியிருந்தது இதுதான்.

(கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

முதலில் ‘சிஸ்டம்டி-சிஜிஎல்எஸ்’ ஓட்டுங்கள் (சிஸ்டம்டி என்பது பல லினக்ஸ்களில் சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிப்பது), எந்த ப்ராசஸ் எந்தக் குழுவில் என்று மரமாகக் காட்டும். அப்புறம் ‘சிஸ்டம்டி-சிஜிடாப்’. இது டாப் மாதிரியே, ஆனால் ஒரு வரிக்கு ஒரு குழு. மெமரிப்படி வரிசைப்படுத்த ‘-எம்’ சேருங்கள். முதல் திரையில் சிபியு இடத்தில் வெறும் கோடுதான் இருக்கும், பதறாதீர்கள், இரண்டு முறை அளந்து கழித்தால்தானே சதவீதம் வரும். மரத்தில் மூன்று நிலை ஆழம் வரைதான் இயல்பாக இறங்கும், உங்கள் குழு அதற்கும் கீழே இருந்தால் ‘--டெப்த்’ கொடுத்து ஆழத்தைக் கூட்டவேண்டும். நான் இது தெரியாமல் ரொம்ப நேரம் என் குழுவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சர்வீஸாக ஓடுபவற்றுக்கு ஏற்கெனவே தனிக் குழு உண்டு. டெர்மினலில் நீங்களே ஓட்டும் ஸ்கிரிப்டுக்கு நீங்கள்தான் அமைக்கவேண்டும்: ‘சிஸ்டம்டி-ரன் --யூசர் --ஸ்கோப் --யூனிட்=சோதனை’ என்று எழுதி (பெயர் உங்கள் இஷ்டம்) பின்னாலேயே ஸ்கிரிப்டின் பெயர். அவ்வளவுதான், அது கிளப்பும் எல்லாமே ஒரே தொட்டிக்குள். வேலை முடிந்ததும் ஸ்கோப் (இப்படி அமைத்த தற்காலிகக் குழு) மறைந்துவிடும், எண்களும் கூடவே போய்விடும். அதனால் ஸ்கிரிப்டின் கடைசி வரிகளிலேயே ‘/ப்ராக்/செல்ஃப்/சிகுரூப்’ படித்து, தன் குழுவின் பாதையைக் கண்டுபிடித்து, எண்களை ஒரு கோப்பில் எழுதச் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பாதையை ‘/சிஸ்/எஃப்எஸ்/சிகுரூப்’புக்குப் பின்னால் ஒட்டினால் வரும் அடைவில் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள்தான், ‘கேட்’ கட்டளை போட்டுப் படிக்கலாம். ‘சிபியு.ஸ்டாட்’டின் முதல் வரி மொத்தம், இரண்டாவது யூசர் (ப்ரோகிராமின் சொந்த வேலை), மூன்றாவது சிஸ்டம் (அதற்காகக் கர்னல் செய்த வேலை), எல்லாம் மைக்ரோவிநாடியில். 10 விநாடி இடைவெளியில் இரண்டு முறை படியுங்கள். முதல் வரியில் வித்தியாசம் 2,30,00,000 என்று வந்தால் 10 விநாடியில் 23 விநாடி சிபியு வேலை நடந்திருக்கிறது, அதாவது சராசரியாக 2.3 கோர். என் ஸ்கிரிப்டில் சிஸ்டம் வரி யூசர் வரியைவிடப் பெரிதாக இருந்தது. உண்மையான வேலையைவிட ப்ராசஸ்களைப் பிறப்பித்துப் புதைப்பதற்கே கர்னல் அதிகம் உழைத்திருக்கிறது! லூப்பைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் ஒரே ஆக்கில் எழுதினேன், ஃபேன் அடங்கியது.

‘மெமரி.கரென்ட்’ எண்ணைப் பார்த்துப் பயப்படுவதற்கு முன்னால் ஒன்று: அதில் பேஜ் கேஷும் (படித்த கோப்புகளைக் கர்னல் ரேமில் வைத்திருப்பது) சேர்ந்தே இருக்கும். பெரிய கோப்பு ஒன்றைப் படித்தாலே ஊதிவிடும், தேவைப்பட்டால் கர்னல் அதைப் பிடுங்கிக்கொள்ளும். ‘மெமரி.ஸ்டாட்’டில் ‘அனான்’ வரிதான் ப்ராசஸ்கள் உண்மையாகவே கையில் பிடித்து வைத்திருப்பது, ‘ஃபைல்’ வரி கேஷ். அனான் மட்டும் விடாமல் ஏறிக்கொண்டே போனால் லீக் (வாங்கிய மெமரியைத் திருப்பித் தராமல் இருப்பது) என்று சந்தேகப்படலாம். 5.19 அல்லது அதற்குப் பிந்தைய கர்னல் என்றால் ‘மெமரி.பீக்’ கோப்பும் இருக்கும், உச்சத்தைப் பிடிக்கக் காவல் இருக்கவேண்டியதில்லை. ஏதோ ஒன்று காரணமில்லாமல் செத்துப்போகிறதா? ‘மெமரி.ஈவன்ட்ஸ்’ திறந்து ‘ஊம்_கில்’ எண்ணிக்கை (மெமரி போதாமல் கர்னல் கொன்றவை) பூஜ்ஜியமா என்று பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தவை ‘சிபியு.பிரஷர்’, ‘மெமரி.பிரஷர்’, ‘ஐஓ.பிரஷர்’ என்ற மூன்று கோப்புகள். எவ்வளவு தின்றது என்று சொல்லாமல், கிடைக்காமல் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று சொல்லும். ‘மெமரி.பிரஷர்’ கோப்பில் ‘சம்’ வரியின் ‘ஏவிஜி10’ 12.50 என்றால், கடந்த 10 விநாடிகளின் சராசரியில் 12.5 சதவீத நேரம் குழுவில் யாரோ ஒருவராவது மெமரிக்காக முடங்கிக் கிடந்திருக்கிறார். ‘ஃபுல்’ வரி ஏறினால் நிலைமை மோசம், அந்த நேரத்தில் வேலை செய்யத் தயாராக இருந்த எல்லோருமே முடங்கியிருக்கிறார்கள். சில லினக்ஸ்களில் இதை அணைத்து வைத்திருப்பார்கள், பூட் வரியில் ‘பிஎஸ்ஐ=1’ சேர்த்தால் வந்துவிடும்.

விண்டோஸில் இதற்கு இணை ஜாப் ஆப்ஜெக்ட், விண்டோஸ் 2000-லிருந்தே உண்டு. சும்மா பார்ப்பதற்கு ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் போதும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் வியூ மெனுவில் படிநிலைப்படி காட்டச் சொல்லலாம், ஆனால் அது தாய்-பிள்ளை மரம்தான், மேலே சொன்ன குறை அங்கேயும் உண்டு.

டாக்கர் ஓட்டுகிறவர்களுக்கு: லினக்ஸில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி சிகுரூப் இருக்கிறது, அதனால் இந்தக் கோப்புகள் எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். ‘டாக்கர் ஸ்டாட்ஸ்’ சொல்லும் மெமரியும் ‘மெமரி.கரென்ட்’டும் ஒத்துப்போகவில்லையே என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். டாக்கர் கேஷின் ஒரு பகுதியைக் கழித்துவிட்டுத்தான் காட்டுகிறது.