கதிர்ச் சிகிச்சைக் காலத்தில் வாய் நொந்தவருக்கு என்ன சமைக்கலாம்

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் என்று சொல்லி, தெல்லிப்பழையில் கதிர்ச் சிகிச்சைக்குத் திகதியும் கொடுத்துவிட்டார்கள் என்றால், வீட்டில் முதலில் வாங்க வேண்டியது சத்துமா டின் இல்லை, ஆளை நிறுக்கிற தராசு. கிழமைக்கு ஒரு நாள், காலையில், சாப்பிட முன்னம், ஒரே மாதிரி உடுப்போடு நிறுத்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியை ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டுபோய்க் காட்டுங்கள். நோயைக் கதிரும் மருந்தும் பார்க்கும். ஆளின் நிறையைக் காப்பாற்ற வேண்டியது உங்கள் குசினி.

நான் பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அண்ணா சுன்னாகத்துத் தோட்டக்காரர். வெற்றிலையும் புகையிலையும் வாயில் இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. கன்னத்தின் உட்புறத்தில் அவருக்கு நோய் வந்தபோது, சமைத்துக் கொடுக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்குப் பிறகு சிகிச்சைக்காக வன்னியிலிருந்து வந்து இங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்குகிற ஆட்களும் என்னிடம்தான் கேட்கிறார்கள். முன்பு இந்த ஆட்கள் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமவில் இருக்கிற புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைந்தார்கள். 2011இல் நாட்டின் தென்கோடியான தேவேந்திர முனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரைக்கும் பலர் நடந்து காசு சேர்த்து தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டிய பிறகு, நோயாளி இரவில் வீட்டுச் சோறு சாப்பிடக் கூடியதாக இருக்கிறது. அந்தச் சோற்றை எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நிறை ஏன் இவ்வளவு முக்கியம்? வாய், தொண்டைப் பகுதிக்கான கதிர் பெரும்பாலும் கிழமைக்கு ஐந்து நாளாக 6, 7 கிழமை நடக்கும். தலை அசையாமல் இருக்க முகத்தின் அளவுக்கே ஒரு முகமூடி செய்து போடுவார்கள். ஆள் நன்றாக மெலிந்துவிட்டால் அந்த முகமூடி தளரும், திரும்ப அளவெடுக்க வேண்டி வரும். பலவீனத்தால் சிகிச்சை இடையில் நின்றுபோனால் அதன் பலனும் குறையும். 60 கிலோ ஆள் 3 கிலோ குறைந்தாலே கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை இருக்க வேண்டாம்.

முதல் கிழமை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒண்டும் செய்யேல்லை" என்று அண்ணாவும் சொன்னார். இரண்டாம், மூன்றாம் கிழமையில்தான் வாயின் உள்தோல் சிவந்து உரியத் தொடங்கும். எச்சில் பிசின் மாதிரி இறுகும், பிறகு வற்றும். அதனால் சாப்பிடக்கூடிய அந்தத் தொடக்க நாட்களை வீணாக்காதீர்கள். மீனும் முட்டையும் நெய்யும் போட்டு நன்றாகக் கொடுங்கள். சொத்தைப் பல் இருந்தால் சிகிச்சை தொடங்க முன்னமே பல் டொக்டரிடம் காட்டி முடிக்க வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம்.

இனிப் பத்தியம். எங்கள் ஊரில் ஒருவருக்குப் பெரிய வருத்தம் என்றால் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டு மாமி எங்களுக்குச் சொன்னது: "பிள்ளை, முட்டை, றால், நண்டு ஒண்டும் குடுக்காதை, கிரந்தி, புண் பெருக்கும்." அன்பில் சொல்வதுதான். ஆனால் உரிந்த தோல் திரும்ப வளர்வதற்குப் புரதம் வேண்டும். அந்த முட்டையிலும் மீனிலும்தான் அது இருக்கிறது. ஒவ்வாமை இல்லாதவருக்கு இவற்றை நிறுத்தக் காரணமே இல்லை. வருகிறவர்களோடு வாதாட வேண்டாம், "டொக்டர் கட்டாயம் குடுக்கச் சொன்னவர்" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட, கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு புரதம்? சிகிச்சைக் காலத்தில் ஒரு கிலோ நிறைக்கு நாளுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை என்பது வழக்கமான கணக்கு. கலோரி கிலோவுக்கு 25 முதல் 30. 60 கிலோ ஆளுக்கு 75 கிராம் புரதம் என்று வைப்போம். மூன்று முட்டையில் 18, முள் நீக்கிய மீன் 100 கிராமில் 20, மைசூர்ப்பருப்பு வேகாத நிறையில் 50 கிராம் எடுத்தால் 12, ஒரு சிறு கோப்பை தயிரில் 5. மிச்சம் 20 கிராமுக்கு இரட்டைப் பால். 200 மில்லி காய்ச்சிய பாலில் முழு ஆடைப் பால்மா இரண்டு மேசைக்கரண்டி கரைத்தால் அந்தக் கோப்பையில் 10 கிராமுக்கு வரும், அப்படி இரண்டு கோப்பை. கலோரிக்கு முதல் தேங்காய்ப்பாலும் நெய்யும். ஒரு மேசைக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ 120 கலோரி வரை தரும், வாயில் மெல்லவும் தேவையில்லை. சிறுநீரக வருத்தமோ நீரிழிவோ உள்ளவருக்கு மட்டும் இந்தக் கணக்கை டொக்டரிடமோ போசாக்கு ஆலோசகரிடமோ காட்டி மாற்றுங்கள்.

விலை கூடிய டின் வாங்க முடியவில்லையே என்று மனம் நோகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போர்த்துக்கலில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர் எடுத்த 75 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு, அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டையே எப்படி மாற்றிச் சத்தாகச் சாப்பிடுவது என்று ஆளுக்கு ஆள் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குப் புரதப் பானம் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவை அவரவர் விருப்பத்துக்கு விட்டார்கள். சிகிச்சை முடிந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் சாப்பாட்டின் அளவைத் தக்க வைத்திருந்தது முதல் குழுதான். டின் கூடாது என்பதில்லை, டொக்டர் எழுதினால் வாங்குங்கள். ஆனால் கெட்டித்தனமாகச் சமைத்த வீட்டுச் சாப்பாட்டைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

சரி, சமையலுக்கு வருவோம். எங்கள் கறித்தூளும் செத்தல் மிளகாயும் பழப்புளியும் தேசிக்காயும் இந்த வாய்க்கு நெருப்பு. புட்டு தொண்டையில் அடைக்கும், பாண் கரை கிழிக்கும், பொரியல் வேண்டவே வேண்டாம். மிச்சம் இருப்பவற்றில் கைகொடுப்பது சொதி.

நான் சொதி வைத்த முறை இது. சின்ன வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள், கறிவேப்பிலை ஒரு நெட்டு சேர்த்து இரண்டாம், மூன்றாம் பாலில் வெங்காயம் கரையும்வரை அவியவிட வேண்டும். பச்சை மிளகாய் இல்லை. விளைமீன் துண்டை வேறாக அவித்து, ஆறவைத்து, விரலால் மசித்து முள் பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்தது போதாது, வெளிச்சத்தில் வைத்துத் திரும்பவும் தடவிப் பாருங்கள். வாய் உரிந்தவருக்கு ஒரு சின்ன முள் போதும், அன்றைய சாப்பாடு அதோடு நின்றுவிடும். கறிவேப்பிலையை எடுத்துவிட்டு, மீனையும் போட்டு, கெட்டி முதற்பாலை விட்டு, நுரை கட்டி வரும்போதே அடுப்பை நிறுத்துங்கள். உப்பு குறைவாக. தேசிக்காய் விடக் கூடாது. வெள்ளை இடியப்பம் இரண்டைப் பிய்த்து இதில் ஊறப்போட்டால் பத்து நிமிடத்தில் மெல்லாமல் விழுங்குகிற பதம் வரும். அதுவும் கஷ்டமான நாட்களில் எல்லாவற்றையும் பிளெண்டரில் அடித்து, தேங்காய்ப்பால் வடியில் வடித்துக் கொடுத்தேன். சூடு முக்கியம்: மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது.

கூழ் கேட்டார் அண்ணா. ஒடியற் கூழுக்கு உறைப்பும் புளியும் இல்லாமல் என்ன சுவை! ஆனாலும் ஆசைப்பட்டுக் கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்ல மனம் வருமா? சிவப்புப் பச்சையரிசிக் கஞ்சியைக் குழைய வைத்து, மீனையும் றாலையும் நன்றாக அவித்து அரைத்துப் போட்டு, கொழுந்து முருங்கையிலை கொஞ்சம், முதற்பால், உப்பு. பிலாவிலை கோலிக் கொடுத்தேன். குடித்தார்.

இனிப்புக்கு இராசவள்ளிக் கிழங்குக் கஞ்சி. தோல் சீவி அவித்து மசித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சினால் வழுவழுவென்று தானாகவே இறங்கும். அதற்குள் இரண்டு கரண்டி பால்மாவைக் கரைத்துவிட்டால் புரதமும் சேரும். உழுத்தங்களியை நல்லெண்ணெய் விட்டு இளக்கமாகக் கிண்டலாம். பப்பாசியும் இதரை வாழைப்பழமும் நல்லது. கதலி புளிப்பென்றால் விடுங்கள். தோடம்பழம், அன்னாசி எரிக்கும்.

மூன்று வேளைச் சாப்பாடு என்கிற பழக்கத்தை மறக்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அரைக் கோப்பை. தட்டு நிறையக் கண்டாலே அவர்களுக்கு வயிறு நிறைந்துவிடும். நோ மருந்தோ வாயை விறைக்கச் செய்யும் மருந்தோ தந்திருந்தால், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்னம் எடுக்க வேண்டும் என்று கேட்டு அந்த நேரத்துக்குக் கொடுங்கள். பலர் நோவைப் பொறுத்துக்கொண்டு மருந்தை மிச்சம் பிடிக்கிறார்கள். அது தேவையில்லாத துன்பம். கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, சாப்பிட முன்னமும் பின்னமும் கொப்பளிக்கச் சொல்லுங்கள், விழுங்கக் கூடாது. கடையில் விற்கிற ஸ்பிரிட் சேர்ந்த மவுத்வொஷ் வேண்டாம்.

ருசி மாறுவதும் ஒரு பெரிய துன்பம். "பிள்ளை, மண்ணைத் தின்னுற மாதிரிக் கிடக்கு" என்று அண்ணா கோப்பையைத் தள்ளிவைப்பார். அது உங்கள் கைப்பக்குவத்தின் பிழை அல்ல, நாக்கின் சுவை மொட்டுகளைக் கதிர் தாக்கியிருக்கிறது. கோபிக்காமல் அரை மணித்தியாலம் கழித்து வேறொன்றைக் கொடுத்துப் பாருங்கள். இரும்புச் சுவை அடிக்கிறது என்றால் சில்வர்க் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி. ஆறிய சாப்பாட்டில் மணம் குறைவு, குமட்டலும் குறையும். தாளிக்கும்போது அவரை முன்விறாந்தையில் இருத்துங்கள்.

கீமோவும் சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையும் நாட்களில் சின்னக் கிருமியும் ஆளைச் சாய்க்கும். அரை அவியல் முட்டை வேண்டாம், மஞ்சட்கரு இறுக அவியுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள். காலையில் வைத்த தேங்காய்ப்பால் கறியை எங்கள் வெயிலில் மத்தியானம் வரை வெளியில் வைத்துக் கொடுக்கக் கூடாது. பச்சைச் சம்பல், கடையில் வெட்டி வைத்த பழம் இரண்டையும் நிறுத்துங்கள். வெப்பமானி 38 பாகைக்கு மேல் காட்டினால், நடுச்சாமம் என்றாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். பனடோலைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருப்பது உயிருக்கு ஆபத்து.

"சீனிதான் புற்றுநோய்க்குச் சாப்பாடு, சீனியை நிறுத்து" என்பார்கள். புற்றுநோய்க் கலம் குளுக்கோசைக் கூட எடுப்பதை ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே கண்டார், அது உண்மை. ஆனால் மூளையும் தசையும்கூடக் குளுக்கோசில்தான் ஓடுகின்றன. சீனியை நிறுத்தினால் கட்டி பட்டினியாகாது, மெலிகிற ஆள் இன்னும் மெலிவார். சுகதேகிகள் சீனியைக் குறைப்பது நல்லது, அது வேறு கதை.

முள் அன்னமுன்னா இலையை அவித்துக் கொடுக்கச் சொல்லியும் வருவார்கள். அது மனிதரில் புற்றுநோயை மாற்றும் என்று எந்தச் சிகிச்சை ஆய்வும் காட்டவில்லை. கரிபியன் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் அதிகம் எடுத்தவர்களிடையே பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் கூடியிருப்பதை 1999இல் எழுதினார்கள். விற்றமின் குளிசைகளிலும் கவனம். கனடாவின் கியூபெக்கில் கதிர் எடுத்த 540 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், விற்றமின் ஈ குளிசை எடுத்த குழுவில் இறப்புக் கூடியது. சாப்பாட்டில் இருக்கிற விற்றமினும் சொதியில் போடுகிற மஞ்சளும் ஒன்றும் செய்யாது. குளிசையும் தூளும் கஷாயமும் டொக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

எல்லாம் செய்தும் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் வைக்கச் சொல்வார்கள். பல குடும்பங்கள் இதைக் கேட்டதும் அழுகின்றன, கடைசிக் கட்டம் என்று நினைக்கின்றன. அப்படி இல்லை. வாய் ஆறும்வரைக்கும் சாப்பாடு போக ஒரு வழி, அவ்வளவுதான். தாதியிடம் நின்று பழகுங்கள்: ஆளைச் சாய்த்து இருத்துவது, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, மெதுவாக விடுவது, கடைசியில் தண்ணீர் விட்டுக் கழுவுவது. என்ன விடலாம், எவ்வளவு விடலாம் என்பதையும் அவர்களிடமே எழுதி வாங்குங்கள். தாதி ஓம் என்றால், விழுங்க முடிந்த நேரத்தில் வாயாலும் ஒரு மிடறு தண்ணீர் கொடுங்கள். விழுங்காமலே விட்டால் தொண்டைத் தசை பழக்கத்தை இழந்துவிடும். வாயைத் திறந்து மூடுகிற பயிற்சியும் அப்படித்தான், சொல்லித் தந்ததை ஒவ்வொரு நாளும் செய்விக்க வேண்டும்.

கடைசிக் கதிர் முடிந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம் வரும், ஆனால் அடுத்த ஒன்றிரண்டு கிழமைதான் வாய் நோ ஆகக் கூடுதலாக இருக்கும். இதை முன்னமே அவருக்குச் சொல்லி வையுங்கள். தராசையும் கொப்பியையும் இன்னும் மூன்று மாதமாவது வைத்திருங்கள். உறைப்பை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம், முதலில் மிளகு குறைந்த இரசம், பிறகு ஒரு துளி கறித்தூள். எச்சில் குறைவு நெடுநாள் இருக்கும், அதனால் ஒவ்வொரு சாப்பாட்டிலும் குழம்போ சொதியோ நிற்க வேண்டும், பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல் இருக்க வேண்டும். எச்சில் இல்லாத வாயில் பல் கெதியாகச் சூத்தையாகும், புளோரைட் பற்பசையால் இரண்டு நேரமும் துலக்க வைத்து, பல் டொக்டரிடம் ஒழுங்காகக் காட்டுங்கள். வெற்றிலைத் தட்டத்தை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2004இல் அறிவித்துவிட்டது. ஆகவே "புகையிலை இல்லாமல் ஒரு வாய்" என்று பார்க்க வருகிறவர்கள் நீட்டினாலும் வாசலிலேயே மறித்துவிடுங்கள்.