எந்தக் கானலி? அயர்லாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டப்ளினில் வந்து இறங்கிய பத்தாவது நாள் எனக்குக் கால்வேயில் நேர்முகத் தேர்வு. இந்த ஊரில் பெரிய ரயில் நிலையம் எது என்று அறைத்தோழரிடம் கேட்டேன். "கானலி" என்றார். போனேன். அறிவிப்புப் பலகையில் பெல்ஃபாஸ்ட் இருந்தது, ஸ்லைகோ இருந்தது, ராஸ்லேர் இருந்தது. கால்வேயைக் காணோம். கால்வே, கார்க், லிமரிக் ரயில்களெல்லாம் ஊரின் மேற்குக் கோடியில் உள்ள ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து புறப்படும் என்று அங்கே இருந்த ஊழியர் பொறுமையாகச் சொன்னார். என் ரயில் புறப்பட ஏழு நிமிடம் இருந்தது. அப்புறம் என்ன, போச்சு.

ஆகவே முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டப்ளினில் இரண்டு பெரிய நிலையங்கள். கானலி நிலையத்துக்குப் பக்கத்திலேயே லூவாஸ் டிராமின் சிவப்புத் தடம் போகிறது. அதில் ஏறினால் சுமார் கால் மணி நேரத்தில் ஹியூஸ்டன் வாசலில் இறங்கலாம். வெளியூர்ப் பேருந்துகள் நிற்கும் புசாரஸ், கானலியிலிருந்து எட்டி நடக்கும் தூரம்தான். கடற்கரையோரம் ஓடும் டார்ட் ரயிலும் கானலி வழியாகத்தான் போகும்.

நிலையத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. செவிலியர் வேலைக்கு வருகிறவர்களிடம் "கானலியில் போஸ்டிங்" என்று சொல்லியிருப்பார்கள். அது ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இல்லை. ஊருக்கு வெளியே பிளாஞ்சர்ட்ஸ்டவுனில், டப்ளின் 15 பகுதியில் உள்ள கானலி மருத்துவமனை. டாக்சியில் ஏறி "கானலி" என்று மட்டும் சொன்னால் ஓட்டுநர் ஸ்டேஷனுக்குத்தான் விடுவார். மருத்துவமனை என்று சேர்த்துச் சொல்லுங்கள், அல்லது ஏர்கோடை, அதாவது ஏழு எழுத்து அஞ்சல் குறியீட்டைக் காட்டுங்கள். வீடு எடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். "கானலிக்கு நடந்தே போகலாம்" என்று வாடகை விளம்பரத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கட்டிய ஒரு தங்கை, தினமும் ஒரு மணி நேரம் பேருந்தில் போய்வந்தாள்.

சரி, யார் இந்தக் கானலி? நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் பெயர் கொடுத்தவர் ஒருவரே: ஜேம்ஸ் கானலி. எடின்பரோவின் ஏழைக் குடியிருப்பில், அயர்லாந்திலிருந்து பிழைக்கப் போன பெற்றோருக்கு 1868இல் பிறந்தவர். சிறுவயதிலேயே வேலைக்குப் போனார், பிரிட்டிஷ் ராணுவத்தில் சிப்பாயாக இருந்தார், 1896இல் டப்ளினுக்கு வந்து சோஷலிஸ்ட் குடியரசுக் கட்சி தொடங்கினார், அமெரிக்கா போனார், திரும்பி வந்தார், தொழிற்சங்கத் தலைவரானார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவர். சண்டையில் கணுக்கால் நொறுங்கிப்போனது. எழுந்து நிற்க முடியாத மனிதரை நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். அன்று 1916 மே 12. எழுச்சியை அதுவரை பெரிதாக ஆதரிக்காத மக்களைக்கூட அந்த நாற்காலி திருப்பிப் போட்டுவிட்டது என்பார்கள்.

அவரைச் சுட்ட இடமான, டப்ளினின் கில்மெய்னம் சிறைக்கு ஒருமுறை போய் வாருங்கள். சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும், நேரில் போய் நின்றால் கிடைக்காது. கல் உடைக்கும் முற்றத்தில் இரண்டு சிலுவைகள் இருக்கும். மற்றவர்களைச் சுட்ட இடத்தில் ஒன்று, முற்றத்தின் மறுகோடியில், வாசலை ஒட்டி இன்னொன்று. கானலியை ஆம்புலன்சில் கொண்டுவந்தார்கள், அவ்வளவு தூரம்கூட நகர்த்த முடியாமல் வாசலருகிலேயே முடித்தார்கள். வழிகாட்டி இதைச் சொல்லும்போது பள்ளிப் பிள்ளைகள்கூடப் பேசுவதில்லை.

எழுச்சியின் 50ஆம் ஆண்டான 1966இல், கொல்லப்பட்ட தலைவர்களின் பெயர்களை நாட்டின் 15 ரயில் நிலையங்களுக்கு வைத்தார்கள். அதுவரை அமியன்ஸ் ஸ்ட்ரீட்டாக இருந்தது கானலியானது. ஹியூஸ்டன் என்பதும் அப்படி வந்ததுதான், 25 வயதில் சுடப்பட்ட ஷான் ஹியூஸ்டனின் பெயர். மருத்துவமனை 1950களில் காசநோய்க்காகத் தொடங்கியது. காசநோய் ஏழைகளின் நோய், கானலி ஏழைகளின் தலைவர், பொருத்தமான பெயர்தான்.

இதே எழுச்சியில் இன்னொரு கானலியும் உண்டு. ஷான் கானலி, ஆபி நாடக அரங்கின் நடிகர். ஜேம்ஸ் எழுதிய ஒரு நாடகத்தில் 1916 மார்ச் மாதம் கதாநாயகனாக நடித்தவர். ஒரு மாதம் கழித்து, எழுச்சியின் முதல் நாளிலேயே, நகர மண்டபத்தின் கூரையில் குண்டடிபட்டு இறந்தார். சொந்தக்காரர்கள் இல்லை. பெயர் மட்டும் ஒன்று.

அதைவிட வேடிக்கை ஒன்று. அதே 1868இல் அமெரிக்காவின் பாஸ்டனில், அயர்லாந்தின் ஆரன் தீவுகளிலிருந்து போன குடும்பத்தில் இன்னொரு ஜேம்ஸ் கானலி பிறந்தார். முதலாமவர் டப்ளினில் கட்சி தொடங்கிய அதே 1896இல், இவர் ஹார்வர்டு படிப்பை விட்டுவிட்டு ஏதென்ஸுக்குக் கப்பலேறி, மும்முறைத் தாண்டலில் ஜெயித்தார். நவீன ஒலிம்பிக்கின் முதல் வெற்றியாளர் அவர்தான். அப்போது முதலிடத்துக்கே வெள்ளிப் பதக்கம். ஒரே பெயர், ஒரே பிறந்த ஆண்டு, இருவருமே பிழைக்கப் போன குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவர் பெயரைத் தேடினால் மற்றவர் வந்து நிற்பார். டென்னிஸ் பிடிக்குமென்றால் மொரீன் கானலியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: 1953இல் ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் வென்ற முதல் பெண். கிளாஸ்கோவின் நகைச்சுவைக் கலைஞர் பில்லி கானலியைப் பற்றி அலுவலகத்தில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

இப்போதைய குடியரசுத் தலைவரும் கானலிதான். கால்வேக்காரரான கேத்தரின் கானலி, பதினான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் வளர்ந்தவர், 2025 நவம்பரில் பதவியேற்றார். அந்தத் தேர்தல் சமயத்தில் ஊருக்கு வந்த ஒரு தம்பி, சுவரொட்டிகளில் "கானலி" என்று பார்த்துவிட்டு, ரயில் நிலையத்துக்கு இவ்வளவு விளம்பரமா என்று என்னைக் கேட்டான்.

இத்தனை பேருக்கு ஒரே பெயர் எப்படி? நாம் அப்பா பெயரை முன்னெழுத்தாகப் போடுகிறோம். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். இங்கேயும் ஆதியில் அப்படித்தான் இருந்திருக்கிறது. "மாக்" என்றால் மகன். "ஓ" என்றால் பேரன், வழிவந்தவன். பத்து, பதினோராம் நூற்றாண்டு வாக்கில் அது அப்படியே உறைந்துபோய்க் குடும்பப் பெயராகிவிட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் பலர் முன்னால் இருந்த ஓவையும் மாக்கையும் உதிர்த்தார்கள். பிறகு ஐரிஷ் மொழி மீண்டும் தலைதூக்கியபோது சிலர் எடுத்து ஒட்டிக்கொண்டார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். அதனால்தான் ஒரு தெருவில் சல்லிவனும் ஓ'சல்லிவனும் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கிறார்கள்.

ஐரிஷில் கானலியை ஏறக்குறைய "ஓ கொனீலா" என்பார்கள். மகளாக இருந்தால் "நீ ஹொனீலா". இது நம்ம "நீ" இல்லை. மகள் என்பதைக் காட்டும் முன்னொட்டு. மனைவிக்கோ, ஒன்றின் உடைமையாகச் சொல்லும்போதோ "ஓ" என்பது "ஈ" ஆகும். ரயில் நிலையப் பலகையில் ஐரிஷில் "ஸ்டாஷூன் ஈ ஹொனீலா" என்று இருப்பது அதனால்தான். ஆங்கிலப் பெயரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தப் பலகையில் கானலி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியையின் பெயர் "நீ" என்று தொடங்கினால் திகைக்க வேண்டாம். அண்ணன் ஓ, தங்கை நீ, ஒரே குடும்பம்.

எழுத்திலும் வேறுபாடுகள் உண்டு. கானலி, கானெலி, கொனீலி எல்லாம் சுற்றிச்சுற்றி வரும். கொனெமாரா கடற்கரையில் கொனீலிகளின் முன்னோர் கடல்நாய்களாக மாறியவர்கள் என்று ஒரு பழங்கதை உண்டு. அதனால் அந்தக் குடும்பத்தார் கடல்நாயைக் கொல்ல மாட்டார்களாம். கேலிக்குப் பயந்து சிலர் கானலி என்று மாற்றிக்கொண்டார்கள் என்பதும் கதையின் தொடர்ச்சி.

அலுவலகத்தில் புதியவரை அறிமுகம் செய்தால், குடும்பப் பெயரைக் கேட்டதும் "எந்தப் பக்கத்துக் கானலி? மோனஹனா, கால்வேயா?" என்று விசாரிப்பார்கள். நம்மூரில் "எந்த ஊரு, யார் வீடு?" என்பதுபோல. அந்த விசாரிப்பில் சாதி கிடையாது. நீங்களும் தாராளமாகக் கேட்கலாம், பேச்சைத் தொடங்க நல்ல வழி. ஒரே ஒரு எச்சரிக்கை. வட அயர்லாந்தில் பெயரை வைத்து ஒருவரின் மதத்தை ஊகிக்கும் பழக்கம் இருந்திருக்கிறது. அங்கே வேலைக்குப் போனால் அந்த விளையாட்டில் நீங்கள் சேர வேண்டாம்.

கிராமத்தில் ஒரே பெயர்க்காரர்கள் பத்துப் பேர் இருந்தால் எப்படிப் பிரிப்பது? ஐரிஷ் பேசும் ஊர்களில், பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று அடுக்குவார்கள். குடும்பப் பெயரே வராது. டிப்பரரியில் ரையன்கள் அதிகம் என்பதால் ஒவ்வொரு ரையன் வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர். முன்னாள் குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிகின்ஸை நாடே "மைக்கேல் டி" என்றுதான் கூப்பிட்டது. முதல்முறை கேட்டபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

ஆனால் இதெல்லாம் விண்ணப்பப் படிவத்துக்குத் தெரியாது. அதற்குக் குடும்பப் பெயர் வேண்டும். என் கடவுச்சீட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர். ஒரு கிளினிக்கில் "மிஸ்டர் ஆறுமுகம்!" என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். நான் அசையவில்லை. அப்பா கும்பகோணத்தில் இருக்கிறார், இங்கே அவரை எதற்குக் கூப்பிடப்போகிறார்கள்? நான்காவது தடவைதான் உறைத்தது.

எனவே கிளம்புவதற்கு முன்பே கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள். குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால் ஊரிலேயே சரிசெய்துவிட்டு வருவது நல்லது. இங்கே தூதரகம் வழியாகவும் செய்யலாம், ஆனால் அதற்குள் பழைய பெயரில் பத்து ஆவணங்கள் சேர்ந்துவிடும். வேலை அனுமதி, குடியிருப்பு அட்டை, அரசுச் சேவைகளுக்கான பி.பி.எஸ். எண், வங்கி, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும். ஒன்றில் முன்னெழுத்து, ஒன்றில் முழுப்பெயர் என்று போனால் பின்னால் மாய்ந்து மாய்ந்து விளக்க வேண்டும். இங்கே குழந்தை பிறந்தால் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். என்ன குடும்பப் பெயர் என்று அங்கேயே கேட்பார்கள். கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு போங்கள், கவுண்டரில் நின்று விவாதிக்காதீர்கள்.

மேலாளரை மிஸ்டர் கானலி என்றோ சார் என்றோ கூப்பிட வேண்டாம். முதல் பெயரைச் சொல்லுங்கள். முதல் வாரம் வாய் வராது. எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

லீக்ஸ்லிப்பில் இன்டெல் வேலைக்கு வருகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு கானலி. பக்கத்து ஊரான செல்பிரிட்ஜில் காசல்டவுன் மாளிகை இருக்கிறது. 1722இல் கட்டத் தொடங்கியவர் வில்லியம் கானலி, அன்றைய ஐரிஷ் பாராளுமன்றத்தின் சபாநாயகர், நாட்டின் பெரும் பணக்காரர். இவருக்கு ஆங்கிலத்தில் ஒரு "என்" குறைவு. அவர் இறந்த பிறகு, 1740இன் கொடுங்குளிரில் ஏழைகளுக்கு வேலை கொடுப்பதற்காகவே அவர் மனைவி கேத்தரின் ஒரு விசித்திரமான வளைவுக் கோபுரத்தைக் கட்டினார். 140 அடி உயரம், எதற்கும் பயன்படாது. கானலியின் ஃபோலி என்பார்கள், அதாவது கானலியின் அசட்டுத்தனம்.

அந்த ஒரு "என்" குறைந்த கானலியை நாமும் பார்த்திருக்கிறோம். சென்னை மாகாணத்தில் மலபார் கலெக்டராக இருந்து 1855இல் கோழிக்கோட்டில் கொல்லப்பட்ட ஹென்றி வாலன்டைன் கானலி. நிலம்பூரில் முதல் தேக்குத் தோட்டம் வைத்தவர். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கினால் நிலம்பூர்; கானலி பிளாட் என்ற பலகை இன்னும் அங்கே இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள்.