ஏற்றினால் வாசமே இல்லை: சோயா மெழுகுவர்த்தியில் என் அனுபவம்

காட்பாடியில் வீட்டு அடுப்படியிலேயே சோயா மெழுகில் வாசனை மெழுகுவர்த்தி செய்கிறேன். மூக்கருகே வைத்தால் மல்லி மணக்கும், ஏற்றி வைத்தால் அறையில் ஒன்றுமே தெரியாது. "எண்ணெய் போட்டியா இல்லையாடி?" என்று அக்கா கேட்டதில் மனசு வாடிப்போச்சு.

முதலில் மல்லி வாசனை எண்ணெயைக் கூட்டினேன், தப்பு. மேலே வியர்த்த மாதிரி துளிகள் நின்றதுதான் மிச்சம். அப்புறம் ஸ்பூன் கணக்கை விட்டுவிட்டு எடை போட்டேன்: 200 கிராம் மெழுகுக்கு 16 கிராம் எண்ணெய், அதாவது 8 சதவீதம். மெழுகு 85 டிகிரி வந்ததும் இறக்கி, எண்ணெய் ஊற்றி, முழுசா 2 நிமிடம் மெதுவாகக் கிளறினேன், முன்பெல்லாம் நாலு சுற்று சுற்றிவிட்டு அப்படியே கண்ணாடிக் குவளையில் ஊற்றிவிடுவேன்.

பெரிய வித்தியாசம் திரியில்தான். மெல்லிய திரி நடுவில் குழி தோண்டிக்கொண்டு இறங்கியது, சுற்றியுள்ள மெழுகு உருகவே இல்லை. உருகினால்தானே வாசம் எழும்! அதைவிட ஒரு அளவு தடித்த திரி போட்டேன், 2 மணி நேரத்தில் கண்ணாடி ஓரம் வரை உருகிப் பளபளவென்று நின்றது.

இன்னொன்று, செய்த அன்றே ஏற்றக்கூடாது. மூடி போட்டு, வேலூர் வெயில் படாமல் பீரோவுக்குள் 2 வாரம் வைத்தேன். அப்புறம் ஃபேனை நிறுத்திவிட்டு ஏற்றினேன், கூடம் வரை மல்லி வாசம் வந்தது.