அந்தக் கட்சிக்கு வெளிநாட்டுக் காசு வருதுன்னு நியூஸ் வந்தா எப்படி செக் பண்றது

யூரோப்ல ஏதாவது ஒரு வலதுசாரி தேசியவாதக் கட்சி ஜெயிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா போதும், "இவங்க புடின் ஆளு"ன்னு ஒரு ஃபார்வேர்டு வந்துரும், கீழயே இன்னொருத்தர் "எல்லாம் மீடியா கட்டிவிட்ட கதை"ன்னு போட்டுருவார். பாரிஸ்லயும் லண்டன்லயும் நம்ம ஆளுங்க ஓட்டு போடுறாங்க, அவங்களுக்கு இது வெறும் டீக்கடை அரட்டை இல்ல. அதனால நான் இந்த மாதிரி செய்திய எப்படி படிக்கிறேன்னு சொல்றேன்.

முதல்ல, என்ன மாதிரி தொடர்புன்னு பிரிச்சுக்கோங்க. சந்திப்பு வேற, ஒப்பந்தம் வேற, காசு வேற. பிரான்ஸோட வலதுசாரி தேசியவாதக் கட்சித் தலைவர் மரீன் லெ பென் 2017 மார்ச் 24ல கிரெம்ளின் போய் புடினப் பாத்தாங்க, பிரான்ஸ் ஜனாதிபதி தேர்தலுக்கு ஒரு மாசம் முன்னாடி. அது சந்திப்பு. ஆஸ்திரியாவோட சுதந்திரக் கட்சி 2016 டிசம்பர்லயும் இத்தாலியோட லேகா கட்சி 2017 மார்ச்லயும், ரெண்டும் வலதுசாரிக் கட்சிங்கதான், புடினோட ஐக்கிய ரஷ்யா கட்சி கூட ஒத்துழைப்பு ஒப்பந்தம் போட்டாங்க, ரெண்டுமே மாஸ்கோவுல, ஊரறிய. இத வச்சு நெருக்கம் இருக்குன்னு தைரியமா சொல்லலாம், ஆனா காசு வாங்கினாங்கன்னு சொல்ல முடியாது.

காசுன்னு வந்தா, நன்கொடையா கடனா, யார் குடுத்தது, அந்த நேரத்துல சட்டம் என்ன சொல்லுச்சு, இந்த மூணையும் கேளுங்க. லெ பென் கட்சி 2014ல வாங்கினது கடன், மாஸ்கோவுல இருந்த ஃபர்ஸ்ட் செக் ரஷ்யன் பேங்க்ல, 90 லட்சம் யூரோவுக்கு மேல. பிரான்ஸ் பேங்க் எதுவும் குடுக்கல, அதான் அங்க போனோம்னு அவங்க சொன்னாங்க. அப்போ சட்டப்படி தப்பில்ல, ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்துக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் கூட சேர்ந்த சில நாடுகளும்) வெளிய இருக்கிற பேங்க்ல கட்சிங்க கடன் வாங்கக் கூடாதுன்னு பிரான்ஸ்ல தடை வந்ததே 2017லதான்.

ஆனா நிறைய பேர் இங்கயே நிறுத்திடுறாங்க. கடன் பத்திரம் எங்க போச்சுன்னு பின்னாடியே போய்ப் பாக்கணும். 2016ல அந்த பேங்க்கோட லைசென்ஸ் போச்சு, கடன் ஒரு கார் வாடகை கம்பெனி கைக்குப் போச்சு, அங்கருந்து விமான ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிற ஏவியாசாப்சாஸ்த்ங்கிற ரஷ்யக் கம்பெனிக்குப் போச்சு, அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2020ல சமாதானம் பேசி 2028 வரைக்கும் தவணை நீட்டிக்கிட்டாங்க, கடைசில 2023ல மொத்தத்தையும் கட்டி முடிச்சாச்சுன்னு கட்சி அறிவிச்சது. யோசிச்சுப் பாருங்க, ஜனாதிபதி ஆகணும்னு நிக்கிற ஒருத்தரோட கட்சிக் கடன், யார்னே தெரியாத வெளிநாட்டுக் கம்பெனிங்க கையில மாறி மாறிப் போகுது, அவங்க நெருக்கலாம் இல்ல விட்டுப் பிடிக்கலாம். என்னைக் கேட்டா லஞ்சம் குடுத்தாங்களாங்கிறத விட இதுதான் பயப்பட வேண்டிய விஷயம்.

அப்புறம் தேதிய வரிசையா எழுதுங்க, பேப்பர்லயே எழுதுங்க. 2014 மார்ச்ல உக்ரைனோட கிரிமியாவ ரஷ்யா கூட சேக்கறதுக்கு வாக்கெடுப்பு, லெ பென் அத ஆதரிச்சாங்க, அதே வருஷம் கடன். இந்த வரிசை கேள்வி கேக்க உதவும், இதனாலதான் அதுன்னு நிரூபிக்காது.

ரஷ்யாவ மட்டும் தேடாதீங்க. 2022 தேர்தலுக்கு லெ பென்னுக்கு 1 கோடியே 6 லட்சம் யூரோ கடன் குடுத்தது ஹங்கேரி பேங்க், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள இருக்கிறதால சட்டப்படி சரி. ஸ்பெயினோட வலதுசாரி வாக்ஸ் கட்சியும் ஹங்கேரி பேங்க்ல வாங்கியிருக்கு. 2025 பிப்ரவரில ஜெர்மனி தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அமெரிக்கத் துணை ஜனாதிபதி வான்ஸ் மியூனிக்ல அந்த நாட்டு வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டியோட தலைவர் அலீஸ் வைடல சந்திச்சார், அதுவும் வெளிநாட்டுத் தொடர்புங்கிற கணக்குல வரும்.

ரொம்ப முக்கியமானது, கேஸ் எப்படி முடிஞ்சதுன்னு பாக்காம ஷேர் பண்ணாதீங்க. மாஸ்கோ மெட்ரோபோல் ஹோட்டல்ல 2018 அக்டோபர்ல மூணு இத்தாலிக்காரங்களும் மூணு ரஷ்யாக்காரங்களும் உக்காந்து, எண்ணெய் வியாபாரத்துல 4 சதவீதம் தள்ளுபடி போட்டு அந்தக் காச லேகாவுக்குத் திருப்பலாம்னு பேசின ஆடியோ அடுத்த வருஷம் வெளிய வந்துச்சு. ஆடியோ நெஜம், பேச்சும் நெஜம். ஆனா டீல் நடக்கல, 2023ல மிலன்ல கேஸ மூடிட்டாங்க. இன்னமும் "லேகா 6.5 கோடி டாலர் வாங்குச்சு"ன்னு சுத்துது, அது பொய். இந்தப் பக்கம் பிரிட்டன்ல நேதன் கில், அங்க இருக்கிற வலதுசாரி ரிஃபார்ம் கட்சிக்கு வேல்ஸ்ல தலைவரா இருந்தவர், அதுக்கு முன்னாடி ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரா இருந்தப்போ ரஷ்யாவுக்கு சாதகமாப் பேச லஞ்சம் வாங்கினேன்னு அவரே கோர்ட்ல ஒத்துக்கிட்டு 2025 நவம்பர்ல பத்தரை வருஷம் தண்டனை வாங்கினார். இங்க நிரூபணம் ஆனது அந்த ஆள் மேல, கட்சி மேல இல்ல, எழுதும்போது அந்த வித்தியாசத்த விட்டுறாதீங்க.

நேரா பாக்கணும்னா, பிரிட்டன்ல தேர்தல் ஆணையத்தோட சைட்ல கட்சி பேரப் போட்டா நன்கொடையும் கடனும் தனித்தனியா வரும், ஜெர்மனில 35,000 யூரோவுக்கு மேல வர்ற நன்கொடைய நாடாளுமன்றம் உடனுக்குடன் போடும், பிரான்ஸ்ல கட்சிக் கணக்க ஒரு ஆணையம் வருஷா வருஷம் வெளியிடும். மொழி புரியலன்னா மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டுப் பாருங்க, கடன் குடுத்தவங்க பேரையும் தொகையையும் மட்டும் தேடினா பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும்.